ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொன்னவள்

சொல்தா சவரிநாதனை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், அவர் எப்போதும் வருகிற மாதிரியே ‘ஷே ரெமி’ ரெஸ்தோரானுக்கு வந்து, எப்போதும் உட்காருகிற மேசையில் உட்கார்ந்தார். பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட்ட அதே கோட்டுதான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்ததற்குக் கிடைத்த பதக்கம் இரண்டும் அதே இடத்தில் தொங்கின, காலரில் மட்டும் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்தது. கடைக்காரி செராபின் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் காளான் போட்ட ஆம்லெட் ஒன்று சொன்னாள், கூடவே பச்சை மிளகாய் கீறி வைக்கச் சொன்னாள், ஏனென்றால் அந்த மனுஷன் பாதி உலகத்தைச் சுற்றி வந்தும் பச்சை மிளகாய் இல்லாமல் முட்டையைத் தொட்டதில்லை. வேறென்ன செய்வாள் பாவம், வரச் சொன்னதே அவள்தானே.

அந்த ரெஸ்தோரான் புதுச்சேரியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில், மஞ்சள் சுவரும் பச்சைச் சன்னலுமாக, வாசலில் காகிதப்பூ கொட்டிக் கிடக்க, உள்ளே நுழைந்தால் வெண்ணெயும் காப்பியும் கலந்த வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ‘ஷே ரெமி’ என்றால் ரெமி வீடு என்று அர்த்தம், ரெமி என்றதும் வெள்ளைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். முத்தியால்பேட்டையில் பிறந்து, பாரீசில் எவன் எவன் சமையலறையிலோ வெங்காயம் உரித்துத் தொழில் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து செராபினைக் கட்டிக்கொண்ட நல்ல கறுப்பான ஆள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் அது. ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே விசேஷம். காலைப் பலகாரம் என்றும் சொல்ல முடியாது, மத்தியானச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் ஆற அமர உட்கார்ந்து, ஆம்லெட்டும் குரோசானும் பழமும் காப்பியுமாகப் பேசிக்கொண்டே சாப்பிடுகிற ஒரு சாப்பாடு. பூசைக்குப் போனவர்கள் பூசை உடுப்போடு வருவார்கள், போகாதவர்கள் தூங்கி எழுந்த முகத்தோடு வருவார்கள், யாரும் யாரையும் எழுந்திரு என்று விரட்ட மாட்டார்கள்.

ரெமி சமைப்பார், செராபின் வாசலில் நிற்பாள். சாப்பிட்டு எழுந்து போகிறவர்களிடம் பிரெஞ்சில் ஏதாவது மரியாதையாகச் சொல்லக் கற்றுக்கொள் என்று ரெமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், ஐயா என்பதற்கு ‘முசே’ என்பதைத் தவிர வேறெதற்கும் அவள் நாக்கு மடங்கவில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான் என்று, வெள்ளைக்காரன் ஆனாலும் வில்லியனூர்க்காரன் ஆனாலும், எல்லாரையும் பார்த்து ‘போயிட்டு வாங்க’ என்றே சொல்லிவந்தாள். சொல்லிச் சொல்லி அது வாயில் ஊறிப்போயிற்று, தும்மல் மாதிரி தானாக வரும். ஆச்சரியம் என்னவென்றால் சொன்னபடியே எல்லாரும் திரும்பி வந்தார்கள். சமையல் ருசியால்தான் வருகிறார்கள் என்று ரெமி சாகிற வரைக்கும் நம்பினார்.

சாவு வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு கூடாது, அது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். வந்தவரை வா என்று கூப்பிட மாட்டார்கள், போகிறவர் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டியதுதான். ரெமி போனபோது செராபின் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். பெட்டி வாசற்படி தாண்டும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள், ஒரு சொல் வெளியே விடவில்லை. சவரிநாதனுடைய பெட்டி அவள் கடை வாசலில் வந்து நின்றது யார் செய்த பாவமோ, எவனோ ஊர் சுற்ற வந்தவன் காரைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுக் கடலைப் பார்க்கப் போய்விட்டான், ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த செராபின் சிலுவை போட்டுக்கொண்டாள், காரைத் தள்ளி ஓரங்கட்டினார்கள், பெட்டி நகர்ந்தது, இத்தனை வருஷமாக அந்த வாசலைவிட்டு நகர்கிற எல்லாரையும் பார்த்து வாய் என்ன சொல்லுமோ அதைச் சொல்லிவிட்டது.

“போயிட்டு வாங்க, முசே.”

எதிர்ப்புறம் பூக்கட்டிக்கொண்டிருந்த பூங்காவனத்தின் கை நின்றது. பெட்டி தூக்கினவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். பங்குச் சாமியார் காதில் விழாத மாதிரி செபத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தார். செராபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள், கடித்து என்ன பிரயோசனம், போன சொல் போனதுதான்.

அப்படித்தான் அவர் வந்தார். சவரிநாதனின் பெண்டாட்டி தெரேசுக்கு யாரோ போய்ச் சொல்ல, அவள் ஒரு காலில் ஒரு செருப்பும் இன்னொரு காலில் வேறு செருப்புமாக ஓடிவந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அழுவாளோ என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. காலரைத் தட்டிவிட்டு, கோட்டை இப்படியா அழுக்காக்குவது என்று திட்டினாள், பிறகு தண்ணி மோட்டார் ரிப்பேர் ஆனதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஆம்லெட்டை மென்றுகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோதும் அவர் அவளுக்குப் பதில் சொன்னது குறைவுதான், அதனால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேசைகள் காலியாகிற நேரத்தில் அவர் எழுந்து வாசலில் வந்து நின்றார், செராபினின் வாயைப் பார்த்தபடி நின்றார், அவள் சொல்கிற வரைக்கும் நகரவில்லை, அவள் சொன்னாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறது. ஒரு வாரம் வாய் பிளந்தார்கள், மறு வாரம் இதில் என்ன முறை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். செத்தவர் வருகிற இடத்துக்குப் போய்வந்தால் வீட்டுக்கு வந்து தலை முழுகவேண்டுமா என்று கேட்டார்கள், சாப்பாட்டுக் கடைதானே, கால் கழுவினால் போதும் என்று முடிவாயிற்று. பங்குச் சாமியாரிடம் போனார்கள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, இறந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட் சாப்பிடக்கூடாது என்று திருச்சபை எங்கேயும் சொன்னதாகத் தனக்கு ஞாபகம் இல்லை, நற்கருணைக்கு வரிசையில் வந்து நிற்காத வரைக்கும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். ஊர் சுற்ற வந்தவர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தங்கள் தட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், எடுத்த படத்தில் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் விழுந்தது, அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு சாவு விழுந்த வீடெல்லாம் செராபின் கடை வாசலைத்தான் பார்த்தது. கிறிஸ்தவர்கள் பெட்டியைக் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், பிறகு மேளமும் வெடியுமாகப் பாடைகள் வந்தன, பிறகு குளிர்சாதனப் பெட்டி வண்டிகள் வந்தன, பெரிய கடைத்தெருத் துணி வியாபாரி ஒருத்தர் மாலையோடு சாய்ந்து உட்கார்ந்தபடி பூப்பல்லக்கில் வந்தார். செராபின் முதலில் மாட்டேன் என்றாள். ஆனால் அவள் காலடியில் ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி வருஷம் திரும்பாதவள், புருஷனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தெருவில் விழுந்து கிடந்தபோது, எந்தப் பொம்பளையால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? சொன்னாள். ஒருத்திக்குச் சொன்னால் மற்றவளுக்கும் சொல்லத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேசைகள் நிரம்பின. துணி வியாபாரி செத்தும் சைவத்தை விடவில்லை, அவருக்கு முட்டை போடாமல் கோதுமையில் தோசை மாதிரி மெல்லிசாக ஊற்றி வாழைப்பழம் வைத்துச் சுருட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. குடும்பங்கள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தன. பிள்ளைகளுக்கு மார்க்கு வந்ததைச் சொன்னார்கள், வீட்டுக்கு வெள்ளையடித்ததைச் சொன்னார்கள், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்று கேட்டார்கள், பதில் வராது, வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்க் கல்யாணம் முடித்த குடும்பமும் உண்டு.

ஆனால் செராபின் வாசலில் நிற்கிறவள், வருகிறவர்களுக்கு முதுகு காட்டாமல் நிற்கிறவள், அவளுக்கு மற்றவர்கள் பார்க்காதது தெரிந்தது. வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டையும் பார்க்கவில்லை, வைத்ததைத் தின்றார்கள், வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஈ அந்தத் தட்டுகளில் உட்காரவில்லை. நாற்காலியைக் கண்டதும் மட்டும் அவர்கள் முகத்தில் ஏதோ வந்துபோயிற்று, உட்கார்ந்த உடனே எல்லாரிடமிருந்தும் ஒரு பெருமூச்சு வந்தது, வாரத்துக்கு வாரம் அது நீண்டுகொண்டே போயிற்று. சவரிநாதன் காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தார். கால் வலிக்கிறதா முசே என்று ஒரு தடவை குனிந்து கேட்டாள், அவர் கேட்காதவர் மாதிரி இருந்தார். அவள் பார்த்ததை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் மனசு முழுக்க ரெமிதான். ஊரார் வீட்டுச் சாவையெல்லாம் அவள் வாசலில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள், தன் வீட்டுச் சாவை மட்டும் முந்தானையை வாயில் அடைத்து அனுப்பிவைத்துவிட்டாள். முறை தவறாமல் நடந்துகொண்டதற்குத் தண்டனை மாதிரி அது அவளை அரித்தது. சவரிநாதனுக்கு எதிரில் தெரேஸ் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்க்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பூங்காவனம்தான் ஒருநாள் பூவை முழம் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள், உன் ஆளை ஏன் கூப்பிடவில்லை, கல்லறையில் போய்ச் சொன்னால் காது கேட்காமலா போய்விடும் என்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த கல்லறைத் திருநாளில், ஊரே குடை பிடித்துக்கொண்டு கல்லறைகளைக் கழுவிச் சாமந்தி வைத்து மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது, செராபின் ரெமியின் கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்தி மழையில் அணைந்துகொண்டேயிருந்தது. எல்லாரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள், அங்கேயும் அதுதான் முறை. அவள் கல்லில் கையை வைத்து, என்னால முடியலங்க, ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க என்று சொன்னாள். சொன்னதும் நெஞ்சு லேசாகி, சேற்றில் வழுக்காமல் வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கல்யாண நாளைக்கு எடுத்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஆள் வைத்துச் சமைத்த அடுப்பில் அன்றைக்குத் தானே நின்று, ரெமி கற்றுக்கொடுத்தபடி வெண்ணெயைக் கருகவிடாமல் உருக்கி, ஆம்லெட் போட்டாள். மழையில் கடல் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். எல்லாருக்கும் பின்னால், எல்லா நாற்காலியும் நிரம்பின பிறகு, ரெமி வந்தார். வாசலில் நின்று செருப்பில்லாத காலை மிதியடியில் துடைத்தார், அது அவர் பழக்கம். பிறகு நாற்காலிகளை ஒன்றொன்றாகப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று தெரிந்ததும், சுவரோரமாகப் போய்ச் சாய்ந்து நின்றார்.

செராபின் ஓடிப்போய் அடுப்படியிலிருந்து மர முக்காலியைத் தூக்கிவந்து போட்டாள். அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள், மழையில் ஊறின சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது, விடவில்லை. மற்றவர்கள் யாரும் யாரையும் பார்க்காத அந்த இடத்தில் ரெமி அவள் முகத்தைப் பார்த்தார். இப்போதுதான் கிளம்பி வந்தவர், மற்றவர்களைப் போல இன்னும் மறக்க ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது.

“ஏன் செராபின் கூப்பிட்டே?” என்றார். “நான் உட்கார்ந்திருந்தேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. அவர் கோபமில்லாமல், மார்க்கெட்டில் மீன் கிடைக்கவில்லை என்று சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னார். அங்கே நீள நீளமாகப் பெஞ்சு போட்டிருக்கிறதாம். காற்று வருமாம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் உட்கார்ந்து காத்திருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லையாம். திரும்பி வரச் சொல்லி அனுப்பினவர்களை மட்டும் உள்ளே விடுவதில்லை. நீதான் போகணுமே, உனக்கெதுக்கு எடம் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். வாரம் பூராவும் நிற்கவேண்டும், சாய்வதற்குச் சுவர்கூடக் கிடையாது. இவங்கல்லாம் உன் ஆம்லெட்டுக்கா வர்றாங்கன்னு நெனச்சே, நாற்காலிக்கு வர்றாங்க என்றார்.

செராபின் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தாள். மேசைக்கடியில் இருந்த கால்களைப் பார்த்தாள். இத்தனை மாதமாக, இந்த வாயால், ஒவ்வொருவராகத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தன் புருஷனையும் உட்கார்ந்த இடத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாளே, அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

எழுந்து எல்லாக் குடும்பத்துக்கும் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொன்னாள். இனி வரச் சொல்லி அனுப்ப மாட்டேன், போங்க என்றுதான் சொல்லப்போகிறேன் என்றாள். கடையில் ஒரு இரைச்சல் கிளம்பிற்று. துணி வியாபாரியின் மகன்கள் மேசையைத் தட்டினார்கள், சின்னப் பெண் புருஷனுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துப் போ என்று எந்த வீட்டில் சொல்வார்கள், உனக்கு வாய் கூசவில்லையா என்று கேட்டார்கள். கூசத்தான் செய்தது. அத்தனை பேரையும் தாண்டித் தெரேஸ் வந்து அவள் முன்னால் நின்றாள்.

“நின்னா நிக்கட்டும்” என்றாள். “பட்டாளத்துல நிக்காததா? எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும், செராபின். எனக்கு வேற ஒண்ணும் இல்ல.”

செராபின் சவரிநாதனின் காலைக் காட்டினாள். தெரேஸ் முறைத்துக்கொண்டே போய்ப் புருஷன் முன்னால் மண்டி போட்டு, தூக்கி வைத்திருந்த காலைப் பிடித்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். ஷூவுக்கு அடிப்பாகமே இல்லை, தேய்ந்து போயிருந்தது. அதற்கு மேல் இருந்த பாதமும், அழிரப்பரால் அழித்த மாதிரி, விரல்களிலிருந்து நடுப்பாதம் வரைக்கும் தேய்ந்து போயிருந்தது. ரத்தமில்லை, ஒன்றுமில்லை. அவள் ரொம்ப நேரம் அதைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். பிறகு ஷூவைத் திரும்ப மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டி, அவிழாமல் இருக்க இன்னொரு முடிச்சும் போட்டாள்.

“சொல்லிடு” என்றாள்.

செராபின் போய் வாசலில் நின்றாள். சவரிநாதன் வழக்கம்போல் வந்து அவள் வாயைப் பார்த்து நின்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடாமல், “போங்க, முசே” என்றாள். அவர் தோள் இரண்டும் இறங்கின. தெரேஸ் நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிப்பவர் மாதிரி பார்த்தார், மழையில் இறங்கிப் போய்விட்டார். அடுத்தவர் வந்தார், அடுத்தவர் வந்தார், ஒவ்வொருவருக்கும் அவள் அந்த அசிங்கமான சொல்லைச் சொன்னாள். பின்னாலேயே குடும்பங்கள் வந்து அவளைச் சபித்தன, மண்ணை வாரித் தூற்றின, உன் கடை விளங்காமல் போகும் என்றன. சின்னப் பெண் மட்டும், புருஷனுடைய சட்டைப் பொத்தான் ஒன்று கையோடு வந்துவிட, அதை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

நாற்காலிகள் எல்லாம் காலியான பிறகும் ரெமி முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். செராபின் ஆம்லெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து அவரை நாற்காலிக்கு மாறி உட்காரச் சொன்னாள். அவர் சாப்பிட்டார், உப்பு சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். இந்தத் தட்டு காலியாகாமல் இருக்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு, கேட்டால் இருப்பார் என்றும் தெரிந்தது. கேட்காமல் இருப்பதற்கு அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் எழுந்தார். அவளும் எழுந்து கூடவே வாசலுக்கு வந்தாள்.

“உங்க எடம் இன்னும் இருக்குமா?” என்று கேட்டாள்.

“எழுந்திரிச்ச எடம் எங்க இருக்கும்? எவனாவது உட்கார்ந்திருப்பான். உள்ளே விட்டாங்கன்னா தேடிப் பார்க்கணும்.”

மழை சன்னலில் அடித்தது. பூங்காவனம் எதிரில் கூடையைச் சாக்கால் மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள். செராபின் அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணினாள். சொல்லவேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். ஊரார் வீட்டு ஆட்களுக்குச் சொன்ன மாதிரி அதை மொட்டையாகச் சொல்ல அவளால் முடியவில்லை.

“போங்க” என்றாள். “போய் ரெண்டு எடமாப் பிடிங்க.”

ரெமி அவளைப் பார்த்தார். “நீ எப்ப வருவே?”

“தெரியலீங்க. துண்டைப் போட்டு வைங்க.”

அவர் யோசித்தார். பிறகு மேசைக்குத் திரும்பிப் போய், தான் வாய் துடைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து, ரொட்டித் துகளை உதறி, தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.